பயணிகள் விமான பைலட் ஆக: எதை முதலில் செய்வது, எதற்கு அவசரப்படக் கூடாது

பைலட் ஆக வேண்டும் என்று வருபவர்கள் முதலில் கேட்பது "எந்தப் பயிற்சிப் பள்ளி நல்லது?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்தத் துறைக்குள் நுழைய என்னென்ன செய்ய வேண்டும் என்பது யாருக்கும் ரகசியமில்லை, தேடினால் கிடைத்துவிடும். ஆனால் அவற்றை எந்த வரிசையில் செய்வது என்பதைப் பெரும்பாலானோர் யோசிப்பதே இல்லை. வரிசை மாறிவிட்டது என்பது பணம் கட்டி முடித்த பிறகுதான் தெரியவரும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இதோடு நின்றுபோனால் என் கையில் என்ன மிஞ்சும்?

உரிமங்கள் என்னென்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் இயங்கும் ஐகாவோ என்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்புதான் குறைந்தபட்சத் தகுதிகளை வகுக்கிறது. ஒவ்வொரு நாடும் அதற்கு மேல் கூட்டிக்கொள்ளலாம். சொந்த விருப்பத்துக்குப் பறக்க பிபிஎல்: 17 வயது, 40 மணி நேரப் பறப்பு. சம்பளம் வாங்கிப் பறக்க சிபிஎல்: 18 வயது, 200 மணி (அங்கீகாரம் பெற்ற முழுநேரப் பயிற்சி என்றால் 150 போதும்). பெரிய பயணிகள் விமானத்தில் கேப்டனாக உட்கார ஏடிபிஎல்: 21 வயது, 1500 மணி. சிபிஎல்லோடு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கூடுதல் தகுதி) பல எஞ்சின் ரேட்டிங்கும் கையில் இருந்தால் உலகின் பல இடங்களில் துணை விமானியாகச் சேரலாம். அமெரிக்கா மட்டும் வேறு மாதிரி. 2009-இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு சட்டம் மாறியது, 2013 முதல் அங்கே துணை விமானிக்கே பொதுவாக 1500 மணி கேட்கிறார்கள். ராணுவத்தில் பறந்தவர்களுக்கும் விமானவியல் பட்டம் பெற்றவர்களுக்கும் அதில் சலுகை உண்டு.

முதலில் டாக்டரைப் பாருங்கள்

பள்ளிக்கு ஒரு பைசா கட்டும் முன் கிளாஸ் 1 மருத்துவச் சான்று வாங்கிவிடுங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். பயிற்சியைத் தொடங்க அதைவிட எளிய கிளாஸ் 2 சான்று போதும் என்று பள்ளியில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் சிபிஎல்லுக்கு கிளாஸ் 1 வேண்டும். பாதிக் கட்டணம் போன பிறகு, அந்தப் பெரிய பரிசோதனையில் ஏதோ ஒன்று தடுக்கி நின்றால் அந்தப் பணத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். சில நாடுகளில் கிளாஸ் 2 முடித்த பிறகுதான் கிளாஸ் 1-க்குப் போக முடியும். அப்படியென்றால் இரண்டையும் அடுத்தடுத்து முடித்துவிட்டு பள்ளிப் பக்கம் போங்கள்.

கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது என்ற பேச்சு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுத்தள்ளுங்கள். கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் ஐகாவோ விதிப்படி சரி. பறக்கும்போது உபரியாக இன்னொரு ஜோடி கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் அதிகம் வருவது நிறப் பார்வையில். வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனையில் திணறினால் உடனே மனம் விட வேண்டாம். விளக்கு வைத்துப் பார்க்கும் சோதனை, கணினியில் செய்யும் சோதனை என்று அடுத்த கட்டம் பல நாடுகளில் உண்டு. நிறத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், இரவில் எதிரே வரும் விமானம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை இறக்கை நுனியின் சிவப்பு, பச்சை விளக்குகள்தான் சொல்லும். ஓடுபாதை ஓரத்தில் இறங்கும் சரிவைக் காட்ட இருக்கும் நான்கு பாப்பி விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான சரிவில் இறங்குகிறீர்கள். நாலும் சிவப்பென்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டீர்கள்.

இசிஜி, காது கேட்கும் திறன், ரத்தம், சிறுநீர், மனநலம் எல்லாம் இதில் அடங்கும். பழைய அறுவை சிகிச்சை, தொடர்ந்து எடுக்கும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். நோயைவிட அதை மறைத்ததுதான் பிற்பாடு பெரிய வினையாகும். ஆவணங்களோடு போய் நேராகச் சொன்னால், கண்காணிப்போடு அனுமதி தரும் வழி பல நேரங்களில் இருக்கிறது. சான்று வழக்கமாக 12 மாதம் செல்லும், வயது ஏறினால் 6 மாதமாகக் குறையும்.

படிப்பைப் பற்றி நீட்டி முழக்க எதுவுமில்லை. பள்ளி அளவில் இயற்பியலும் கணிதமும் இருந்தால் பல நாடுகளில் போதும். பட்டம் கட்டாயமா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. ஆனால் ஒரு பட்டம் கையில் இருப்பது எனக்கு நல்லதாகவே படுகிறது, காரணம் கடைசியில் வரும்.

ஆங்கிலத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வானொலியில் பேச ஐகாவோ 6 நிலைகள் வைத்திருக்கிறது, குறைந்தது 4-ஆம் நிலை வேண்டும், அதையும் 3 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப நிரூபிக்க வேண்டும். 6-ஆம் நிலை என்றால் அந்தத் தொல்லை இல்லை. இது வெறும் சடங்கு அல்ல. 1990-இல் நியூயார்க்கில் இறங்கக் காத்திருந்த அவியான்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானத்தில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் முன்னுரிமை கேட்டார்கள், எரிபொருள் குறைகிறது என்றும் சொன்னார்கள், ஆனால் அவசரநிலை என்பதை அறிவிக்கும் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. 73 பேர் இறந்தார்கள். அதனால் இலக்கண சுத்தமான ஆங்கிலத்துக்காக மெனக்கெட வேண்டாம். இரைச்சலுக்கு நடுவே வேறு வேறு உச்சரிப்பில் வரும் கட்டளையைப் பிடித்து, அதை அப்படியே திருப்பிச் சொல்லும் பழக்கம் வந்தால் போதும். விமான நிலைய வானொலி உரையாடல்களை இணையத்தில் கேட்கலாம், பல நாடுகளுடையவை கிடைக்கின்றன. தினம் கொஞ்ச நேரம் கேளுங்கள், செலவே இல்லாத பயிற்சி.

இப்போது பள்ளி

போவதற்கு முன் ஒருமுறை அறிமுகப் பறப்பு போய்வாருங்கள். சின்ன விமானத்தின் ஆட்டமும் பெட்ரோல் வாடையும் சத்தமும் பலருக்குப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்பது மலிவாகத் தெரிந்துபோவது நல்லது.

பள்ளிகளில் இரண்டு விதம். ஒன்று, பூஜ்யத்திலிருந்து சிபிஎல் வரை ஒரே இடத்தில் முழுநேரமாக முடிக்கும் ஒருங்கிணைந்த பயிற்சி. இன்னொன்று, பிபிஎல் முடித்து, நேரம் சேர்த்து, தேர்வு எழுதி, ஒவ்வொன்றாகத் தனித்தனியே கட்டணம் கட்டி முடிக்கும் மாடுலர் வழி. முதலாவது வேகமானது, சில நிறுவனங்களுக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் மொத்தமாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். இரண்டாவதில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம், நடுவில் நிறுத்தினாலும் பிபிஎல்லாவது கையில் இருக்கும். நின்றுபோனால் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்வியை நினைத்துப் பார்த்தால் என் ஓட்டு மாடுலருக்குத்தான். நிறுவனமே தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் கேடட் திட்டங்களும் உண்டு. அவற்றில் சில எம்பிஎல் என்ற உரிமத்தில் முடியும். அதில் சிமுலேட்டரையும் சேர்த்து 240 மணி, பயிற்சி முழுக்க இரு விமானிகள் அறையை மனதில் வைத்தே நடக்கும். கிடைத்தால் நல்லது, ஆனால் அந்த உரிமத்தை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குத் தாவுவது அவ்வளவு சுலபமில்லை.

பள்ளிக்கு நேரில் போங்கள். வரவேற்பறையில் உட்காராமல் ஹேங்கர் பக்கம் நடந்து போய், நிற்கும் விமானங்களில் எத்தனை இன்று பறந்தன என்று கேளுங்கள். பத்து விமானம் இருக்கிறது என்பார்கள், அதில் பாதி எஞ்சின் கழற்றிக் கிடக்கும். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், கடைசியாக முடித்தவர் சேர்ந்ததிலிருந்து உரிமம் வாங்க எத்தனை மாதம் எடுத்தார், மழையும் பனிமூட்டமும் வருடத்தில் எவ்வளவு காலம் பறப்பை நிறுத்துகின்றன, இவற்றை நிர்வாகத்திடம் கேட்பதைவிட தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் மாணவர்களிடம் கேளுங்கள், பதில் நேராக வரும்.

மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம். பயிற்சிப் பள்ளிகள் திடீரென்று மூடப்படுவது உலகெங்கும் நடந்திருக்கிறது, அப்போது வரிசையில் கடைசியில் நிற்பது முன்பணம் கட்டிய மாணவர்தான். பறந்த அளவுக்குக் கட்டுவது அல்லது சிறு தவணைகளாகக் கட்டுவது, பணம் திருப்பித் தரும் விதி எழுத்தில் இருப்பது, இரண்டும் இல்லையென்றால் வேறு பள்ளி பாருங்கள். விலைப்பட்டியலில் குறைந்தபட்ச மணிக்கணக்கை மட்டும் போட்டிருப்பார்கள். யாரும் அந்தக் கணக்கிலேயே முடிப்பதில்லை, தேர்வுக் கட்டணம், மறுதேர்வு, தங்குமிடம் எல்லாம் அதற்கு வெளியே. கொஞ்சம் தாராளமாகவே கணக்குப் போடுங்கள்.

வேறு நாட்டில் பயிற்சி எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். உரிமம் தானாக எல்லா நாட்டிலும் செல்லாது. எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறீர்களோ அந்த நாட்டு விமானத்துறை அமைப்பு உரிமத்தை மாற்றித் தரும் விதிகளை, என்ன தேர்வு, என்ன பறப்புச் சோதனை, எந்தப் பறப்புக் கணக்கை ஏற்பார்கள் என்பதை, விமானம் ஏறும் முன்பே படித்துவிடுங்கள்.

பறக்கும் பயிற்சி எப்படி இருக்கும்

செஸ்னா 172, பைப்பர் பிஏ-28, டயமண்ட் டிஏ40 போன்ற சின்ன விமானத்தில்தான் தொடங்கும். முதல் நாளில் கற்பது விமானத்தைச் சுற்றி நடப்பதை. இறக்கைக்கு அடியில் உள்ள வால்வை அழுத்தி ஒரு சின்னக் குழாயில் எரிபொருளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பொதுவாகப் பயன்படும் 100எல்எல் பெட்ரோல் நீல நிறம்; தண்ணீர் கலந்திருந்தால் கனம் அதிகம் என்பதால் அடியில் தனியாக நிற்கும், நடுவே கோடு தெரியும். ஆனால் குழாய் முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் கோடே தெரியாது! அதனால் வெள்ளைப் பின்னணியில் பிடித்து நீலம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். குளிரில் அவசரமாக இதைத் தாவிச் செல்லும் மாணவரைப் பயிற்றுநர்கள் முதல் வாரத்திலேயே குறித்துவைத்துக்கொள்வார்கள்.

அப்புறம் நேராகப் பறப்பது, திரும்புவது, ஏறுவது, ஸ்டால் ஆக்கி (இறக்கை விமானத்தைத் தாங்க முடியாத நிலைக்குக் கொண்டு போய்) மீட்பது, எஞ்சின் நின்றதுபோல வைத்துக்கொண்டு இறங்க வயலைத் தேடுவது. பிறகு சர்க்யூட், அதாவது ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்குவது, ஏறுவது. எல்லோரும் மனம் தளர்வது இங்கேதான். கடைசி நொடியில் விமானத்தின் மூக்குக்கு நேர் கீழே பார்ப்பது பழக்கமாகிவிடும், தரை சட்டென்று மேலே வருவதுபோல் தோன்றும், மூக்கைப் பட்டென்று தூக்குவீர்கள், விமானம் மிதந்து தடாலென்று விழும். பார்வையை ஓடுபாதையின் மறுகோடிக்குக் கொண்டு போங்கள், உயரம் தானாகப் புரியும். ஒருநாள் பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கிவிட்டு "ஒரு சுற்று போய்வா" என்பார், அதுதான் சோலோ. எத்தனை மணியில் சோலோ போனீர்கள் என்று நண்பர்களோடு ஒப்பிடாதீர்கள், வேலைக்கு எடுப்பவர் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பிபிஎல்லுக்குப் பிறகு தனியாகத் தொலைதூரம் பறக்க வேண்டும். சிபிஎல்லுக்கு ஒரே பயணத்தில் குறைந்தது 540 கிலோமீட்டர் போய், இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி வர வேண்டும். லாக்புக்கை அன்றன்றே எழுதுங்கள், பயிற்றுநரோடு பறந்தது, தலைமை விமானியாகப் பறந்தது, இரவு, கருவிப் பறப்பு என்று தனித்தனிப் பத்தியில். பறக்காத மணியை எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டே கிளம்பிவிடுங்கள். விமானத்தின் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தால் ஒரே நாளில் வெளிவந்துவிடும், உரிமமே போகும்.

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்தான் என் கணக்கில் உண்மையான பைலட் பயிற்சி. வெளியே தெரியாதபடி தலையில் மறைப்பு மாட்டிவிட்டு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கச் சொல்வார்கள். ஒரே சீராக நீண்ட நேரம் திரும்பிக்கொண்டிருந்தால் உட்காதுத் திரவம் அடங்கிவிடும், நேராகப் போவதாகவே உடம்பு சத்தியம் செய்யும். நிஜமாக நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதுபோல் இருக்கும். உடம்பை நம்பாமல் கருவியை நம்புவது புத்திக்குப் புரிய ஒரு நிமிடம் போதும், கைக்குப் பழகத்தான் நாளாகும்.

இரட்டை எஞ்சின் பயிற்சியில் ஒரு எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்திவிடுவார்கள். இடது எஞ்சின் போனால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், அதைத் தடுக்க வலது காலால் ரடரை (வால் சுக்கானை) அழுத்துவீர்கள், இடது கால் சும்மா இருக்கும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது. ஆனாலும் உடனே அணைத்துவிடக் கூடாது. அந்தப் பக்க த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, எதுவும் மாறவில்லை என்று உறுதி செய்த பிறகே அடுத்த வேலை. அவசரத்தில் நல்ல எஞ்சினை அணைத்த விபத்துகள் இருக்கின்றன.

இதற்கு இணையாக எழுத்துத் தேர்வுகள் ஓடும். ஐரோப்பிய முறையில் ஏடிபிஎல் அளவுக்கு 13 பாடங்கள், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வேண்டும். வானிலை, வழிகண்டறிதல், விமானச் சட்டம், எடை சமநிலை, மனித இயல்பு என்று பரந்து கிடக்கும். கேள்வி வங்கியை மனப்பாடம் செய்து தேறிவிடலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள், ஆனால் நேர்காணலில் "இந்த மேகம் ஏன் உருவாகிறது?" என்று கேட்டால் விடைப்பட்டியல் உதவிக்கு வராது.

உரிமம் கிடைத்த பிறகு

சிபிஎல் வாங்கிய அன்று வேலை கிடைத்துவிடும் என்று நினைத்துத்தான் பலர் கடன் வாங்குகிறார்கள். உரிமத்துக்கும் முதல் வேலைக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. விமானத்துறை ஏறினால் ஆட்களைத் தேடி அலையும், இறங்கினால் அனுபவசாலிகளையே வீட்டுக்கு அனுப்பும், 2020-இல் பார்த்தோம். அந்த இடைவெளிக்கும் சேர்த்துத்தான் பணம் ஒதுக்க வேண்டும். அந்தக் காலத்தில் சும்மா இருந்தால் ரேட்டிங்குகள் காலாவதியாகும், கையும் மறந்துபோகும். பயிற்றுநர் ரேட்டிங் எடுத்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நல்ல வழி. சம்பளத்தோடு மணியும் ஏறும், அடுத்தவரின் தவறைத் திருத்தும்போது உங்கள் பறப்பும் கூர்மையாகும்.

தேர்வுக்குக் கூப்பிட்டால் திறனறிச் சோதனை, குழு விவாதம், சிமுலேட்டர், நேர்காணல் எல்லாம் இருக்கும். மனக்கணக்கைத் தீட்டிவையுங்கள். 36,000 அடியிலிருந்து இறங்க எவ்வளவு தூரம் வேண்டும்? ஆயிரங்களை மூன்றால் பெருக்குங்கள், 108 கடல் மைல். தரை வேகம் 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) என்றால் மூன்று டிகிரி சரிவில் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும்? ஐந்தால் பெருக்குங்கள், 700. இதெல்லாம் பேசிக்கொண்டே வர வேண்டும்.

அதைவிட அதிகமாகப் பார்ப்பது, இன்னொருவரோடு சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்பதை. 1977-இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவு ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று புறப்பட ஓடத் தொடங்கியிருந்த கேஎல்எம் விமானத்தின் ஃப்ளைட் எஞ்சினியர் சந்தேகம் கிளப்பினார், கேப்டன் நிற்கவில்லை. காக்பிட்டில் இளையவர் வாய் திறப்பதையும் மூத்தவர் காது கொடுப்பதையும் பாடமாகவே நடத்தும் சிஆர்எம் பயிற்சி அதன் பிறகுதான் வளர்ந்தது. குழு விவாதத்தில் எல்லோரையும் அடக்கிப் பேசினால் ஜெயித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே வெளியேறுகிறார்கள்.

வேலைக்கு எடுத்துக்கொண்டால் அடுத்தது டைப் ரேட்டிங், அதாவது ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான பயிற்சி. சில வாரங்கள், பெரும்பகுதி சிமுலேட்டரில். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணித்து அறிவிப்பார். ஓடுபாதையில் "வீ ஒன்" என்ற குரல் கேட்டதும் கேப்டன் எஞ்சின் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிடுவார், அதற்கு மேல் எஞ்சினே போனாலும் ஏறியே ஆக வேண்டும் என்பதால். வேலை உறுதியாகாமல் சொந்தக் காசில் டைப் ரேட்டிங் எடுக்காதீர்கள். எந்த விமானத்துக்கு ஆள் தேவைப்படும் என்பது உங்கள் கையில் இல்லை, எடுத்த ரேட்டிங்கும் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லிக் காசு கேட்கும். நிறுவனம் செலவை ஏற்று, இத்தனை வருடம் விலகக் கூடாது என்று ஒப்பந்தம் கேட்டால் அதில் தவறில்லை, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், வருடம் போகப் போக அது குறைகிறதா என்பதை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அதன்பின் பயிற்சி கேப்டனோடு பயணிகளை ஏற்றிக்கொண்டே லைன் ட்ரெயினிங், பிறகு சோதனை, பிறகு முழுத் துணை விமானி. கேப்டன் பதவி மணிக்கணக்கோடு நிறுவனத்தில் இடம் காலியாவதையும் பொறுத்தது, பல இடங்களில் சேர்ந்த தேதிப்படிதான் வரிசை. அதனால் ஒரே மாதத்தில் இரண்டு அழைப்பு வந்தால் சம்பளத்தை மட்டும் பார்க்காமல் எங்கே வரிசை வேகமாக நகரும் என்றும் பாருங்கள். சர்வதேச வணிகப் பறப்பில் 65 வயது வரை ஓட்டலாம். அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் எஞ்சினை அணைத்து, தீ வைத்துச் சோதிப்பார்கள், மருத்துவச் சான்றும் தொடர்ந்து புதுப்பிக்கப்பட வேண்டும். ஒரு காது பிரச்சினை, ஒரு இசிஜி கோடு போதும் மாதக்கணக்கில் தரையில் உட்கார. மேலே பட்டம் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். உரிமம் இழந்தால் ஈடு தரும் காப்பீடும் இருக்கிறது, முதல் சம்பளம் வந்ததும் அதை எடுங்கள், நோய் வந்த பிறகு கேட்டால் தர மாட்டார்கள்.